பக்கம் திருப்புகிறவள்

“மூத்தவன் மெதுவாக எழுந்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி வைத்தாள்” என்று வாசித்துவிட்டு, என் கணவர் நிற்காமல் அடுத்த வரிக்குப் போனார்.

தப்பு என்னுடையதுதான். கொட்டாவி விட்டுக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்துவிட்டது. சாவியை எடுத்த மூத்தவன் ஒரு பக்கத்தின் அடியிலேயே நின்றுபோனான். கொதிக்கிற தண்ணீரில் தேயிலையைப் போட்டவள், இரண்டு பக்கம் தள்ளி, கடைசித் தம்பியின் பெண்டாட்டி. “ஐயையோ, ரெண்டா திருப்பிட்டேங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். எப்படியும் நிறுத்துவார், “எங்கேயோ இடிக்குதே” என்பார், அதற்குள் நாமே முந்திக்கொள்வோம் என்றுதான். அவர் நிறுத்தவில்லை. இடது கை ஆள்காட்டி விரல் வரிக்கு அடியில் நகர்ந்துகொண்டே இருந்தது. குரலில் சின்னத் தயக்கம்கூட இல்லை. எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

இதில் என்ன இருக்கிறது, புத்தகம் படிக்கிற யாருக்கும் நடக்கிறதுதானே என்று கேட்கலாம். இவர் யாரோ இல்லை. ஆயுசு முழுக்க அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவர். அங்கே இவருக்குப் பேரே கழுகு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, அதில் ஒரு தேதி இரண்டு முறை அச்சாகியிருப்பதை என் அப்பாவிடம் சொன்னவர். ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டு, ‘அக்கா வீட்டுக்குப் போகிறேன் தேட வேண்டாம்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனேன். கூப்பிட வந்த மனுஷன் அந்தச் சீட்டையும் கொண்டுவந்தார், நடுவில் ஒரு கமா போட்டு. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தேன். அப்படிப்பட்டவர் சாவியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு நிம்மதியாக அடுத்த பத்திக்குப் போகிறார் என்றால் நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்?

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு அவர் ஆஸ்பத்திரியில் விழுந்தது மழைக்காலத்தில். உயிர் பிழைத்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, பேச்சு குழறி, வலது கை மரத்துப்போய் வீட்டுக்கு வந்தார். தினமும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், வாய்க்கும் நல்லது, மூளைக்கும் நல்லது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள். வலது கை இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தாளையும் திருப்ப அவரால் முடியாது. ஆகவே விரல் அவருடையது, தாள் என்னுடையது. மருந்துக்கடை வேலையில் சாயங்கால நேரத்தை இன்னொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, தினமும் நாலு மணிக்கு ஜன்னலோரம் இரண்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கடையில் நான் வாசிக்கிற டாக்டர் கையெழுத்தே இந்த நாவலைவிட எவ்வளவோ மேல்.

நாவலைக் கொண்டுவந்து கொடுத்தது அச்சக முதலாளி. இவரைவிடச் சின்னவர், எங்களை அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் பழப்பையோடு பார்க்க வந்தவர், இந்தச் செங்கல்லையும் மடியில் வைத்தார். “அண்ணே, இதோட ரெண்டாம் பதிப்பு போடப்போறோம். நிதானமா படிச்சு முடிங்க. முடிச்சுட்டு வந்து நீங்கதான் ப்ரூஃப் பார்க்கணும். உங்க நாற்காலியில யாரையும் உக்கார விடல” என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, எனக்குத் தெரியாது. இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். புத்தகம் முடிகிற அன்றைக்குத் தான் குணமாகிவிட்டதாக அர்த்தம், மறுநாள் வேலைக்குப் போகலாம். டாக்டர் சொன்ன தேதியெல்லாம் அவர் கணக்கில் கிடையாது.

மூன்று அண்ணன் தம்பிகள் ஒரு வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். கதை அவ்வளவுதான். முதல் நூறு பக்கம் சுவரை அளந்தார்கள். அடுத்த நூறு பக்கம், அளந்தது சரியா என்று பேசினார்கள். கொல்லைப்புறக் கதவு யாருக்கு என்பதில் ஒரு அத்தியாயம் முழுக்கப் போயிற்று, கடைசியில் அந்தக் கதவு கரையான் அரித்தது என்று தெரிந்தது. ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டே போகும். படிக்கிற நமக்கே, ஆளுக்கொரு அறையை நாமே கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று இருக்கும். நான் பத்துப் பக்கத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் மூடிவைத்துவிடுகிற ஜாதி. எத்தனையோ புத்தகத்தை அப்படி மூடியிருக்கிறேன், ஒரு நாளும் அதற்காகத் தூக்கம் கெட்டதில்லை.

“புடிக்கலன்னா விட்டுட வேண்டியதுதானேங்க. நம்மள யாரு கட்டாயப்படுத்துறா? செம அறுவையா இருக்கு” என்றேன் ஆரம்பத்திலேயே.

“பாதியில விட்டா… எழுதுனவன் என்ன சொல்ல வந்தான்னு… எப்படித் தெரியும்?”

“அவனுக்கே தெரிஞ்ச மாதிரி தெரியலையே.”

அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. பிறகு தன் வேலை ரகசியத்தைச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். “அறுவையான பக்கத்துலதான்… தப்பு ஒளிஞ்சிருக்கும். நல்லா இருக்குற பக்கத்துல… எல்லாரும் கண்ணைத் தொறந்து வெச்சிருப்பாங்க. அறுவையில… நான் மட்டும்தான்.” அந்தப் பெருமை முகத்தில் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இருந்த மனுஷனை ஒரு நிமிஷம் பார்த்தேன். அதன் பிறகு புத்தகத்தை விடச்சொல்லி நான் வாய் திறக்கவில்லை.

அந்த வார்த்தைதான் சாவி கொதித்த அன்றைக்கு என்னைப் போட்டு வாட்டியது. வாசித்து முடித்ததும், டீ டம்ளரை அவர் இடது கையில் கொடுத்துவிட்டு, சும்மா கேட்கிற மாதிரி, “இன்னிக்கி என்னங்க நடந்துச்சு கதையில?” என்று கேட்டேன். “மூத்தவன் சாவி எடுத்தான்” என்றார். “அப்புறம்?” என்றேன். டம்ளருக்குள் பார்த்தார். “அப்புறம் என்ன… சண்டைதான்” என்றார். அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அந்தப் பதில் சரிதான். பாஸ் போடுவதா ஃபெயில் போடுவதா?

வார விடுமுறையில் மகள் வந்தாள். ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் வேலை செய்கிறாள், எந்த நேரமும் காதில் போன். அவளிடம் நேரடியாகச் சொல்லாமல், சமையலறையில் வைத்துப் புத்தகத்தை நீட்டினேன். “என் கண்ணாடியை எங்கேயோ வெச்சுட்டேன், இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சத்தமா படி” என்றேன். அவள் வாசிக்க வாசிக்க, பக்கத்தில் நின்று வேண்டுமென்றே இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினேன். பி.காம். படித்தவள், என்னைவிடப் புத்திசாலி, மூத்தவனையும் சாவியையும் கொதிக்கிற தண்ணீரையும் மடமடவென்று வாசித்துக்கொண்டே போனாள். “நிறுத்து. இப்ப என்ன படிச்ச?” என்றேன். “யாரோ டீ போடுறாங்க” என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“அட, இதுக்கா மூஞ்சிய தூக்கி வெச்சிருந்த? இந்தப் புக்குக்கு நடுவுல நம்ம மளிகைச் சீட்டை வெச்சாக்கூட யாருக்கும் தெரியாதும்மா. அப்பா நல்லாதான் இருக்காரு. நீதான் கண்கொத்திப் பாம்பா அவரையே பார்த்துட்டு இருக்க. இதைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல கதையா ஒண்ணு குடு, அப்புறம் பாரு.”

அவளே போய் ஒரு துப்பறியும் நாவல் வாங்கிவந்தாள். அட்டையில் கத்தியும் ரத்தமும் இருந்தது. அவர் அதை வாங்கி, பின்னட்டையைப் பார்த்து, ஜன்னல் கட்டையில் வைத்தார். “இதை முடிச்சிட்டு” என்றார். “அப்பா, அதுல ஒண்ணுமே இல்லப்பா” என்று கெஞ்சினாள். “ஒண்ணும் இல்லன்னு… முடிச்சாத்தானே தெரியும்” என்றார். பிடித்தால் பிடித்த பிடிதான். மகள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, பார்த்தியா, அப்பா மாறவே இல்லை என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். அவள் போன பிறகு அந்தச் சந்தோஷத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். குறை புத்தகத்தின் மேல்தான், இவர் மேல் இல்லை. அந்த எழுத்தாளன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும், இன்னும் மோசமாக எழுதட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆனால் புத்தகம் கரைந்துகொண்டிருந்தது. இடது பக்கம் தடித்து, வலது பக்கம் விரற்கடை அளவுக்கு வந்துவிட்டது. முதலாளி போன் செய்தார். “அண்ணி, அண்ணன் எதுவரைக்கும் வந்திருக்காரு? அடுத்த திங்கட்கிழமை ப்ரூஃப் எடுக்கப்போறோம். வண்டி அனுப்புறேன், அனுப்பி வெச்சிடுங்க” என்றார். இவருக்கு அதைச் சொன்னதும், பீரோவிலிருந்து வேலைக்குப் போடுகிற சட்டையை எடுக்கச் சொன்னார். பொத்தான் போடுகிற பயிற்சியை இடது கையால் அவரே ஆரம்பித்துவிட்டார்.

அச்சகத்தை எனக்குத் தெரியும். மெஷின் சத்தத்தில் யாரும் யாரையும் திட்டமாட்டார்கள், திட்டினாலும் கேட்காது. இவர் முன்னால் யாரும் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை. இவர் பார்த்துக் கொடுத்த ப்ரூஃபை, பின்னால் இருக்கிற அறையில் வேறொருவன் மறுபடியும் பார்ப்பான். ‘சரியா இருக்கு அண்ணே’ என்பார்கள். மரியாதைக்குச் செய்வார்கள், அன்பில்கூடச் செய்வார்கள். ஆனால் இவர் கழுகு. என்றைக்காவது ஒரு நாள், தான் கைவைக்காத திருத்தம் ஒன்று அச்சில் ஏறியிருப்பதைப் பார்த்துவிடுவார். அன்றைக்கு அந்த நாற்காலியிலிருந்து எழுந்து எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவார் என்றுதான் எனக்குப் பயம். நோய் வந்தபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ளாமல் அனுப்பக்கூடாது என்று முடிவு செய்தேன். தாள் இரண்டாகத் திரும்பினால் யாரும் ஏமாறலாம், மகளே ஏமாந்தாள். ஆனால் நேற்று வாசித்ததையே இன்றைக்கும் வைத்தால்? அடையாளத்துக்கு வைத்திருந்த காலி மாத்திரை அட்டையை எடுத்து, நேற்று ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுபோய் வைத்தேன். நாலு மணிக்கு உட்கார்ந்தோம். அவர் வாசித்தார். மூன்று பேரில் நடுவில் பிறந்தவன், அம்மாவின் அறை எனக்கு வேண்டாம், அதில் அவள் இருமிய சத்தம் இன்னும் இருக்கிறது என்று சொல்கிற இடம் வந்தது. முந்தின நாள் அந்த இடத்தில் விரலை நிறுத்தி, “ம்… இவன் சொல்றது நியாயம்தான்” என்றிருந்தார். இன்றைக்கும் விரலை நிறுத்தினார். “ம்… இவன் சொல்றது நியாயம்தான்” என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, முகம் மலர, “பார்த்தியா, இப்பதான் சூடு பிடிக்குது. நீ விடச்சொன்னியே” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய், ஈரம் காயாத போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். லேசில் அழுகிற ஆள் இல்லை நான். ஆஸ்பத்திரியில் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தபோதெல்லாம் கண் கலங்காதவள். பக்கத்தில் உட்கார்ந்து, தோள் தோளோடு இடிக்க, ஒரே புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் நான் மட்டும்தான் அங்கே இருக்கிறேன் என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை. மகளுக்குப் போன் செய்யலாம் என்று எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். சொன்னால் நிஜமாகிவிடும்.

மறுநாளும் அட்டையைப் பின்னால் வைத்தேன். இந்த முறை சோதிப்பதற்காக இல்லை. புத்தகம் முடியாவிட்டால் திங்கட்கிழமை வராது, அவ்வளவுதான். எந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டேனோ, அதை முடியவிடாமல் நானே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம் முன்னால், மூன்று பக்கம் பின்னால். சில நாள் அதே அத்தியாயம். முதலாளிக்கு, “இன்னும் கொஞ்சம் இருக்காம், அவசரப்படுத்தாதீங்க” என்று சொன்னேன். “அண்ணி, ப்ரூஃபை எத்தனை நாள் நிறுத்தி வெக்கிறது?” என்றார் பாவம். மகள் போனில், “இன்னுமா முடியல? அந்த வீட்டை இடிச்சுக் கட்டியே இருக்கலாம்” என்றாள். பயிற்சி கொடுக்கிற பெண் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஆச்சரியமாக இருக்கிறது, எவ்வளவு தெளிவாக வாசிக்கிறார் என்று கைதட்டினாள். வாசிக்கமாட்டாரா, அத்தனை தடவை வாசித்த பக்கம். அவருக்கு ஒரே வெட்கமும் பெருமையும். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

எனக்கு அந்தப் பக்கங்கள் மனப்பாடம். ஆச்சரியம் என்னவென்றால், முன்னைப்போல அறுவையாக இல்லை. அம்மாவின் இருமல் இருக்கிற அறையை ஏன் ஒருவன் வேண்டாம் என்கிறான், அதே அறைதான் வேண்டும் என்று இன்னொருவன் ஏன் மல்லுக்கு நிற்கிறான் என்பது எனக்கு எங்கோ சுருக்கென்று தைக்க ஆரம்பித்திருந்தது. இதைச் சொன்னால் அவர், “பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்” என்பார். சொல்ல முடியாது. எத்தனையாவது தடவையாகக் கேட்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்?

இன்றைக்கும் நாலு மணிக்கு உட்கார்ந்தோம். வேலைக்குப் போடுகிற சட்டையைத்தான் போட்டிருந்தார், பொத்தானெல்லாம் அவரே போட்டது, ஒன்று மாறிப்போயிருந்தது, நான் தொடவில்லை. அட்டை இருந்த இடத்தைப் பிரித்து வைத்தேன். வாசிக்க ஆரம்பித்தார். குரல் அவ்வளவு சரளமாகப் போயிற்று, பழைய குரல், கல்யாணமான புதிதில் காலை நேரத்துப் பேப்பரை எனக்கு வாசித்துக் காட்டிய குரல். கண்ணை மூடினால் வியாதியே வராதது மாதிரி இருந்தது. நடுவில் இருக்கிறவன் எழுந்து நின்றான். அம்மாவின் அறை எனக்கு வேண்டாம் என்றான். விரல் நின்றது. ‘நியாயம்தான்’ வரும் என்று நான் காத்திருந்தேன்.

வரவில்லை. கண்ணைத் திறந்தேன். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்தும் இதையேதான் படிச்சோமா?” என்றார்.

முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். கண்டுபிடித்துவிட்டார், என் கழுகு கண்டுபிடித்துவிட்டது என்று துள்ளியது மனசு. அடுத்த மூச்சிலேயே அது செத்துப்போனது. ஆமாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். உங்கள் மூளையைச் சோதித்தேன், பிறகு உங்களை வேலைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்தேன், நீங்கள் சிரித்த சிரிப்பையும் பயிற்சிக்காரி கைதட்டியதையும் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன் என்று இந்த மனுஷனிடம் சொல்ல வேண்டும். இல்லை என்று சொன்னால் அத்தோடு முடிந்துவிடும். நான் சொல்வதை நம்புவார். தன்னைத்தான் நம்பமாட்டார். இத்தனை நாளில் அவருக்குள் சரியாக வேலை செய்த ஒன்றை, நானே தப்பு என்று அடித்ததாகிவிடும்.

“இல்ல… எனக்குத்தான்…” என்று இடது கையைத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். ஆஸ்பத்திரியில் முதல் நாள் கண் விழித்தபோது இருந்த அதே பயம் கண்ணில் இருந்தது. “எனக்குத்தான் அப்படித் தோணுதா? சொல்லும்மா.”

பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து வாளியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அது நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அவர் கையை நெற்றியிலிருந்து இறக்கி, விட்ட வரியைத் தேடிக் கண்டுபிடித்து, மறுபடி விரலை வைத்தார். தவறிப்போய்விடக் கூடாது என்பதுபோல அழுத்தி வைத்திருந்தார், நகம் வெளுக்கிற அளவுக்கு. வைத்துக்கொண்டு, நான் சொல்லப்போவதைக் கேட்க, என் பக்கமாகத் தலையைச் சாய்த்தார்.